முதுகு தொடாத சீட்டு

என் வீட்டுக்காரருக்கு ஊரில் ஒருத்தர் முகமும் ஞாபகம் இருக்காது. கடைத்தெருவில் யாராவது எதிரே வந்து, "அண்ணே, சௌக்கியமா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டால் இவர் திருதிருவென்று விழிப்பார். கேட்டவர் மனசு நொந்து, திரும்பி நாலு எட்டு நடந்த பிறகுதான் இவருக்குப் பளிச்சென்று விளங்கும். "அட, நீங்களா! வலது பக்கம் கொஞ்சம் இறக்கம்!" என்று நடுத்தெருவில் கத்துவார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியாது.

விஷயம் இதுதான். அவர் கார் சீட்டு செய்கிறவர். வண்டி ஓட்டினால் முதுகு வலிக்கிறது, இடுப்பு பிடிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்று வருகிறவர்களின் சீட்டைக் கழற்றி, ஸ்பாஞ்சைச் செதுக்கி, அவரவர் உடம்புக்கு ஏற்ற மாதிரி திரும்பக் கட்டிக் கொடுப்பார். மேலே போடுகிற ரெக்ஸின் உறையைத் தைப்பது நான். கடைக்கு யார் வந்தாலும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். "உக்காருங்க" என்பார். அதனால் ஊரில் அவருக்குப் பேரே 'உக்காருங்க' என்று ஆகிவிட்டது. என் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'உக்காருங்க பொண்ணு' என்கிறார்களாம்.

உட்காரச் சொல்வது நாற்காலியில் இல்லை, மணல் பெட்டியில். முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, அது நிறைய ஈர மணல், மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். வந்தவர் அதில் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். எழுந்ததும் இவர் ஷீட்டை உருவிவிட்டு, குத்துக்காலிட்டு அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் மேடு, தொடை எங்கே அழுந்துகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். ஜாதகம் பார்க்கிறவர்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இந்த வித்தையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் இருந்தார். அங்கே எல்லா சீட்டுக்கும் ஒரே அளவுப் பலகைதான். அந்தப் பலகை முதலாளியின் உடம்புக்கு வெட்டியது. முதலாளியோ ஒல்லிப்பிச்சான். ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் பின்னால் கிடந்த மணல்மேட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். இவர் திரும்பிப் பார்த்தால் மணலில் ஏழு பள்ளம். ஏழும் ஏழு தினுசு. முதலாளியைக் கூட்டிவந்து காட்டி, "உங்க அளவு உங்களைத் தவிர யாருக்கும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு சாயங்காலமே வேலை போய்விட்டது. இதை ஏதோ பட்டம் வாங்கின கதை மாதிரி பெருமையாகச் சொல்வார்.

வாயைத் திறந்தால் சீட்டைப் பற்றித்தான் பேச்சு. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே. "மெத்து மெத்துனு இருக்கணும்." இவருக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தாலே ஆகாது. "மெத்துனு வேணும்னா வீட்ல போய்ப் படுங்க. ஓட்டுற சீட்டு தாங்கணும், முழுங்கக் கூடாது" என்பார். பதினோரு வருஷமாக இடுப்பு வலி என்று ஒருத்தர் நொண்டிக்கொண்டு வந்தார். மணலைப் பார்த்ததும் இவர் அவருடைய பின்பாக்கெட்டில் கைவிட்டு, செங்கல் கனத்துக்கு இருந்த பர்சை உருவி அவர் கையிலேயே கொடுத்து, "இதைச் சட்டைப் பையில வைங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். சீட்டும் இல்லை, வேலையும் இல்லை. அன்றைக்கு நான் பேசிய பேச்சில் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரையே இறக்கிவிட்டார்.

என் வாய் அப்படி. ஒளித்து என்ன ஆகப்போகிறது? எனக்கும் என் அண்ணனுக்கும் மூக்குக்கு மேலே கோபம், நாக்குக்கு மேலே வார்த்தை. இவர் காலையில் எனக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கடைக்கு ஓடிப்போய்விடுவார். கேட்டால், "காலையிலதான் ரெக்ஸின் சொன்னபடி கேக்கும்" என்பார். ரெக்ஸினாவது கேட்பதாவது, என் வாயிலிருந்து தப்பிக்கத்தான் ஓடுகிறார் என்று நானும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன்.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருபது வருஷமாக ஒரே பள்ளி, ஒரே ரூட். பிள்ளைகள் அவரை 'வேன் மாமா' என்பார்கள். எந்தப் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாந்தி எடுக்காது, எது அழுதுகொண்டே ஏறி இரண்டாவது திருப்பத்தில் சிரிக்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். என் மகளும் அந்த வேனில்தான் போகிறாள். அண்ணனுக்கு என்று பிள்ளைகள் இல்லை. அண்ணியிடம் கேட்டால், "அவருக்கென்ன, ஒரு வேன் நிறைய இருக்கு" என்று சிரிப்பாள்.

என்னைப் பெண் கேட்டு வந்தபோதே அண்ணனுக்கு இவரைப் பிடிக்கவில்லை. "ஊரான் குண்டிய அளக்கிறவனுக்கா என் தங்கச்சி?" என்று கூடத்தில் நின்று கேட்டார், மாப்பிள்ளை வீட்டார் காதில் விழும்படி. நான் பிடிவாதம் பிடித்துத்தான் கட்டிக்கொண்டேன். பதினாலு வருஷம் ஆகியும் அண்ணன் அந்தக் கிண்டலை விடவில்லை. எங்கே பார்த்தாலும், "என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு எத்தனை?" என்பார். இவரும் சிரித்துக்கொண்டே, "உங்களோடது மட்டும்தான் பாக்கி மச்சான்" என்பார்.

அந்த அண்ணனுக்கு முதுகு போய்விட்டது. முதலில் வண்டியிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு காலையில் செருப்பு மாட்ட அண்ணி குனிய வேண்டியதாயிற்று. ஒருநாள் பள்ளி வாசலில் வேனை நிறுத்தியவர், சீட்டைவிட்டு எழுந்திருக்கவே முடியாமல் மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்து கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. மாடி ஜன்னலிலிருந்து பார்த்த தலைமை ஆசிரியைக்கு விளையாட்டாகத் தெரியவில்லை.

"பத்து நாள் லீவு வருது. அது முடியறதுக்குள்ள முதுகு சரியாகலைன்னா வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கும் வேற வழியில்லை" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

அண்ணன் அதை எங்களிடம் சொல்லவில்லை. அண்ணிதான் வந்து சொல்லி அழுதாள். "வேனை எடுத்துட்டா இவர் செத்துடுவாரு. வீட்ல சும்மா உக்காந்து என்னையும் கொன்னுடுவாரு" என்றாள். இரண்டுமே நடக்கக்கூடியதுதான்.

நான் போய்க் கெஞ்சினேன். "அண்ணே, ஒரே ஒரு தடவை கடைக்கு வந்து உக்காரு. பத்து நிமிஷம்தான்."

"செத்தாலும் அந்தப் பொட்டியில உக்கார மாட்டேன். பதினாலு வருஷம் சிரிச்சிட்டு, இப்பப் போய் நானே காட்டிட்டு உக்காரவா? என்னைப் பார்த்து ஊரே சிரிக்கும்."

"ஊருக்கு வேற வேலை இல்லையா? வறட்டு கௌரவம் பிடிச்ச மனுஷா! உன் உடம்புக்கு ஒண்ணுன்னா ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று நான் கத்திவிட்டு வந்தேன். இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எனக்கே திரும்பி வரும்.

வராதவரை வேறு எப்படி அளப்பது? யோசனை என்னுடையதுதான். அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் மெத்தைக்குப் பதிலாக ஈர மணலைப் பரப்பி, மேலே நாற்காலித் துணியைப் போட்டு மூடினேன். அண்ணன் உட்கார்ந்தார். "என்ன பாப்பா, நாற்காலி குளுகுளுன்னு இருக்கு?" என்றார். "புது மெத்தைண்ணே" என்றேன். இவர் தட்டைப் பார்க்காமல் அண்ணனின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேஜைக்கு அடியில் இரண்டு தரம் உதைத்தேன்.

எல்லாம் சரியாக நடந்தது, ஒன்றைத் தவிர. பிளாஸ்டிக் ஷீட் போட மறந்துவிட்டேன். அண்ணன் எழுந்தபோது கால்சட்டையின் பின்பக்கம் வட்டமாக நனைந்திருந்தது. எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அப்படியே தெருமுனை வரை வீறாப்பாக நடந்து போனார். வீட்டுக்குப் போனதும் அண்ணி சிரித்த சிரிப்பில்தான் அவருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. வயசாகிவிட்டதோ என்று அன்று முழுக்க உம்மென்று இருந்தாராம், பாவம்.

மறுநாள், வேன் சீட்டு கிழிந்திருக்கிறது, உறை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று பொய் சொல்லிக் கழற்றி வந்தோம். மணலில் பார்த்த அளவுக்கு இவர் சீட்டைக் கட்டினார், நான் உறை தைத்தேன், மாட்டிக் கொடுத்தோம். அண்ணன் வேனைத் தினமும் வெறுமனே ஓட்டிப் பார்த்தார். நாலாவது நாள் கடை வாசலில் வந்து நின்றார். நின்றார் என்றா சொன்னேன், கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றார்.

"என்னடா பண்ணீங்க சீட்டை? முன்னாடி வலிச்சுது. இப்ப உயிர் போகுது!"

இவர் மென்று விழுங்கி உண்மையைச் சொல்லிவிட்டார். சாப்பாடு, மணல், நாற்காலி எல்லாம். நனைந்த கால்சட்டைக்கு விளக்கம் கிடைத்ததில் அண்ணன் முகத்தில் ஒரு நொடி நிம்மதி தெரிந்தது. அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள், காதால் கேட்கக்கூடிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. முழுக்கத் திட்டி முடிக்கும்வரை இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"தப்பு என்னோடதுதான் மச்சான். சாப்பிட உக்கார்ற உடம்பு வேற, ஓட்ட உக்கார்ற உடம்பு வேற. தட்டுக்கு முன்னால அளந்து ஸ்டியரிங்குக்கு முன்னால மாட்டிட்டேன். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ணதில்ல. ஒரு மணி நேரம் என்னைக் கூட்டிட்டு ஓட்டுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

லீவு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அண்ணன் போய் வேனைக் கிளப்பினார்.

ஏறுவதற்கு முன்னால் இவர் தையல் சாக்பீஸைப் பொடித்து சீட்டின் முதுகுப் பக்கம் முழுக்கத் தூவினார். கடையில் புது சீட்டுக்கு எப்போதும் செய்வதுதான். ஓட்டிவிட்டு இறங்கினால் சட்டையில் எங்கெங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் முதுகை சீட்டு தாங்குகிறது என்று அர்த்தம். அண்ணன் கருநீலச் சட்டை போட்டிருந்தார். இவர் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால், பிள்ளைகள் சீட்டில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டேன். பள்ளி ரூட்டையே இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பள்ளிக்கு எதிரே நிறுத்தினார்.

அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இவர் அவர் முதுகைப் பார்த்தார். கருநீலச் சட்டையில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. சீட்டில் தூவிய சாக்பீஸ் தூவினபடியே இருந்தது. ஒரு மணி நேரமும் மனுஷர் முதுகு சீட்டைத் தொடவே இல்லை.

இவர் அண்ணனைப் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தார். எதற்கு என்னைப் பார்க்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"மச்சான், எதிர்ல இருக்கே ஒரு போர்டு. அதுல என்ன எழுதியிருக்கு?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"படிங்களேன்."

"பள்ளி வளாகம், மெதுவாகச் செல்லவும். இருபது வருஷமா பார்க்கிறேன், இது தெரியாதா?"

அந்தக் கம்பத்தில் இருந்த பள்ளி போர்டை லீவில் கழற்றித் தெருவின் மறுமுனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அங்கே கையகல எழுத்தில் 'வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்யப்படும்' என்று எழுதியிருந்தது.

இந்த மனுஷர் கண் தெரியாமல்தான் ஸ்டியரிங்கில் மூக்கை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். அதனால்தான் முதுகு போயிருக்கிறது. அவர் பின்னால் ஒரு வேன் நிறையப் பிள்ளைகள். அதில் என் மகள். நான் நடுரோட்டில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. "உன் வீம்புக்கு என் புள்ளைதான் கிடைச்சுதா?" என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அண்ணன் பதிலுக்குக் கத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணாடி போட்டா கண்ணு போச்சுன்னு வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க பாப்பா. ரூட்டு மனப்பாடம்தானே, சமாளிச்சிடலாம்னு பார்த்தேன்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒரு குழந்தை குறுக்க வந்திருந்தா?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

இவர்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். "வாங்க மச்சான், முதல்ல கண்ணாடிக் கடை, அப்புறம் நம்ம கடை" என்றார்.

மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு என்று இரட்டைக் கண்ணாடி கொடுத்தார்கள், மறுநாளே கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அண்ணன் நேரே எங்கள் கடைக்கு வந்தார். கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இவர் வழக்கம்போல "உக்காருங்க" என்றார். அண்ணன் அந்த மூன்று பேரையும் ஒரு முறை முறைத்துவிட்டு மணல் பெட்டியில் உட்கார்ந்தார். காலுக்கு முன்னால் பெடல் மாதிரி ஒரு கட்டை, கைக்கு ஒரு பழைய ஸ்டியரிங். "என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு எத்தனை?" என்றார். "இன்னிக்குத்தான் கணக்கு முடிஞ்சுது" என்றார் இவர்.

மறுநாள் பள்ளி திறப்பு. ஒரே பொழுதில் சீட்டை முழுக்கப் பிரித்துக் கட்டினோம். இவர் ஸ்பாஞ்சில் கடைசிச் சீவல் சீவி முடிக்கும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் உறையைத் தைத்துக் கொடுத்ததும் அப்படியே கொண்டுபோய் மாட்டிவிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் வேன் கடை வாசலில் வந்து நின்றது. அண்ணன் கதவைப் பிடிக்காமல் இறங்கினார். திரும்பி நின்று முதுகைக் காட்டினார். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை சட்டை முழுக்க சாக்பீஸ். தலைமை ஆசிரியை ஒரு சுற்று கூடவே வந்தாராம். கண்ணாடியைப் பற்றி அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு, "அப்போ நான் போட்டிருக்கிறது என்ன?" என்று தன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாராம். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அண்ணன் சும்மா போயிருக்கலாம். போகமாட்டாரே! சீட்டு உறையின் மேல் குனிந்து பார்த்தார்.

"பாப்பா, இது என்ன தையல்? குடிச்சவன் நடந்த மாதிரி போயிருக்கு?"

"கண்ணு வந்ததும் முதல் வேலையா என்னைக் குத்தம் சொல்ல வந்துட்டியா? இருபது வருஷமா தைக்கிறேன், என் தையலை ஒருத்தன் ஒரு சொல் சொன்னதில்ல!"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினார். "கீழ்ப் பக்கமா பாரு" என்றார்.

பார்த்தேன். தையல் கோட்டைவிட்டு விலகி, திரும்ப ஏறி, ஓரிடத்தில் விளிம்பையே விட்டு வெளியே போயிருந்தது. என் கை தைத்ததுதான். எனக்கு நேர்க்கோடாகத் தெரிந்ததுதான். நானும் மெஷினுக்கு மேல் மூக்கை வைத்துக்கொண்டுதான் தைக்கிறேன். இவர் எனக்காகவே செய்து போட்ட நாற்காலியில் ஒருநாள்கூட முதுகு சாய்ந்ததில்லை. அன்றைக்கு வேனில் ஏன் என்னைத் திரும்பிப் பார்த்தார் என்று இப்போது புரிந்தது.

"அப்போ மத்த சீட்டெல்லாம்?" என்றேன். ஒரு வாடிக்கையாளர்கூடக் குறை சொன்னதில்லையே?

இவர் கத்தரிக்கோலை எடுத்து இடம் மாற்றி வைத்தார். காலையில் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிற மனுஷர். காலையில் மட்டும் சொன்னபடி கேட்கிற ரெக்ஸின். அவர் இடது கையைப் பிடித்து இழுத்து, கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் நுனியெல்லாம் பிளேடு கீறல். பழையதும் புதியதுமாகக் குறுக்கும் நெடுக்கும். நான் தைத்ததைப் பிரித்துப் பிரித்து வாங்கிய கீறல். நேற்றையதைப் பிரிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ஏன் சொல்லலை?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அவசரமாக வேனின் டயரைப் பார்த்தார்.

"சொல்லிட்டு நான் எங்க போய் உக்கார்றது?" என்றார் இவர்.

அண்ணன் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. வறட்டு கௌரவம் என்று அண்ணனை அவர் வீட்டில் வைத்துக் கத்தியதும் இந்த வாய்தான். கோணல் தையல் என்ற இரண்டு வார்த்தையைக் கட்டின பெண்டாட்டியிடம் சொல்லப் பயந்து, ஒரு மனுஷர் இரண்டு வருஷம் விரலை அறுத்துக்கொண்டிருந்ததும் இதே வாய்க்காகத்தான்.

மறுநாள் காலை அவர் கிளம்பும்போது நானும் கூடவே கிளம்பினேன். கண்ணாடிக் கடை திறக்க நேரம் இருந்ததால் எங்கள் கடையிலேயே காத்திருந்தோம். மெஷினுக்கு முன்னால் கிடந்த என் நாற்காலியை அவர் துணியால் துடைத்தார்.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். முதுகு சாய்ந்து உட்கார்ந்தேன். இடுப்புக்குச் சரியாக, தோளுக்குச் சரியாக இருந்தது. என்னை எப்போது அளந்தார் என்று கேட்கவில்லை, வாயை மூடிக்கொண்டேன்.